பிடிபட்டவன்

ஈஸ்டர் கழிந்து ஒன்பதாம் நாள் மத்தியானம், தூங்கிக்கொண்டிருந்த புருஷனின் வலது குதிகாலிலிருந்து செவஸ்தி ஏழு முட்களை எடுத்தாள். கடல் முள்ளெலியின் முட்கள். கறுப்பாக, முறிந்து, தோலுக்குள் ஆழமாக இறங்கியிருந்தன. முதல் முள் கண்ணில் பட்டதுமே எண்ணெயும் ஊசியும் எடுத்துவந்து, வழக்கம்போல அவன் கத்துவான், தலையணையை வீசுவான், செத்துப்போன அம்மாவைக் கூப்பிடுவான் என்று தயாராகத்தான் உட்கார்ந்தாள். போன வருஷம் ஒரே ஒரு முள்ளுக்கு நாலு வீடு கேட்கக் கூப்பாடு போட்டவன் அவன். இன்று தெமேலிஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாவது முள்ளுக்கு ஊசியைக் கொஞ்சம் ஆழமாகவே விட்டாள். மூன்றாவதற்கு வேண்டுமென்றே குத்தினாள். ரத்தம் வந்தது. குறட்டை நிற்கவில்லை. ஏழாவதையும் எடுத்து முடித்தபோது அவள் கையிலிருந்து ஊசி நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு அவன் விழித்துக்கொண்டான்.

"என்ன பண்றே அங்க?"

"முள்ளு எடுத்தேன். உன் கால்ல ஏழு முள்ளு. எப்பய்யா மிதிச்சே?"

அவன் எழுந்து உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டான். கால் தானாக வரவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துத்தான் இழுத்தான். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சொறிவதுபோல நடித்தான்.

"நேத்தோ முந்தாநேத்தோ. வலிச்சுது. விட்டுத்தொலைன்னு விட்டுட்டேன்."

"வலிச்சுதா?"

"வலிச்சுதுன்னு சொல்றேன்ல. காப்பி போடு."

செவஸ்தி காப்பி போடப் போனாள். அடுப்படியில் நின்று ஏப்ரல், மே என்று விரல் மடக்கி எண்ணினாள். அக்டோபர் வரை ஏழு மாதம். கப்பல் கிளம்ப இன்னும் மூன்றே நாள் இருந்தது.

கிரேக்கக் கடலில் இருக்கும் எங்கள் கலிம்னோஸ் தீவில் அதற்கு ஒரு வார்த்தை உண்டு. பிடிபட்டவன். ரப்பர் உடுப்பும் செப்புத் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு, காற்றுக் குழாயோடு நாற்பது பாகம், அதாவது நாற்பது ஆள் ஆழம், இறங்கிக் கடற்பஞ்சு அறுக்கிறவனை நாங்கள் மெஷின்காரன் என்போம். மெஷின்காரன் ஆழத்தில் அதிக நேரம் நின்றாலோ அவசரமாக மேலே வந்தாலோ கடல் அவனைப் பிடித்துக்கொள்ளும். சிலருக்குக் காலை, சிலருக்குக் கையை, சிலருக்கு இடுப்புக்குக் கீழே மொத்தத்தையும். லேசாகக் காலை இழுக்கிறவனும் பிடிபட்டவன்தான். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவனும் பிடிபட்டவன்தான். அந்த வார்த்தையில் கால்வாசி, அரைவாசி என்பதெல்லாம் கிடையாது. ஒருவன்மேல் விழுந்தால் விழுந்ததுதான், பிறகு எந்தச் சாமி வந்தாலும் எடுக்க முடியாது.

அதைச் சொல்வதற்கும் முறை இருக்கிறது. ஆளுக்கு எதிரே சொல்லக் கூடாது. பின்னால் சொல்லும்போதும் குரலைத் தாழ்த்தி, சிலுவை போட்டுக்கொண்டு சொல்ல வேண்டும். பிடிபட்டவனுக்கு ஊரில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. காப்பிக்கடையில் நிழல் பார்த்து நாற்காலி, கோயிலில் சாய்ந்துகொள்ள இடம், கல்யாண வீட்டில் முதல் தட்டு, எல்லாம் கிடைக்கும். கப்பலில் இடம் மட்டும் கிடைக்காது. முக்கியமான இன்னொன்று, கப்பல் துறையில் நிற்கும்போது எந்தப் பெண்ணும் தன் புருஷனைப் பற்றி அந்த வார்த்தையை வாயில் எடுக்க மாட்டாள். எடுத்தால் கடலுக்குக் காது கேட்கும் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் வீட்டு ஆண்கள் யாரும் கடலடியில் நடந்து சம்பாதிக்கிறதில்லை.

அன்று சாயங்காலம் தெமேலிஸ் உட்காரவே இல்லை. முற்றத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தான். படியில் இறங்கித் தெருவுக்குப் போனான், திரும்ப ஏறி வந்தான். கொடியில் காயும் வலையை எடுத்தான், வைத்தான். இத்தனை நாளும் கப்பல் கிளம்பும் முன்னால் ஆண்களுக்கு வருகிற நிலைகொள்ளாமை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அவன் நடை பழகிக்கொண்டிருப்பது தெரிந்தது. இடது காலை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, வலது காலை முன்னால் எறிந்து, அது விழும் இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டான்.

அவனுக்குப் பின்னால் ஐந்து வயது மகள் கலியோப்பியும் நடந்தாள். அவளும் இடுப்பைத் தூக்கி, வலது காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள்.

"என்னடி பண்றே?" என்றாள் செவஸ்தி.

"அப்பா மாதிரி நடக்குறேன்."

செவஸ்தி பிள்ளையை ஓங்கி ஒரு அறை வைத்தாள். எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியாமல் குழந்தை வீறிட்டது. தெமேலிஸ் நின்று, இருவரையும் பார்த்தான். படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டான். செவஸ்தி மகளை மடியில் போட்டுக்கொண்டு, அடித்த கையாலேயே அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை, நாத்தனார் கலோத்தினாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏதென்ஸிலிருந்து வந்த இளவயசு டாக்டர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யாருடைய கால் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு ஊரைப் படித்திருந்தார்.

"ஊசி குத்தினா தெரியலையா? சூடு தெரியுதா?" என்று கேட்டார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வலது காலோட இயக்கத் திறன் குறைஞ்சிருக்கு. அப்படித்தான் எழுதுவோம், திறன் குறைவுன்னு. ஆளைக் கூட்டிட்டு வாங்க, பார்த்துட்டு சீட்டு எழுதித் தர்றேன். கரையில எத்தனையோ வேலை பார்க்கலாம்" என்றார்.

"குறைவுதானே? அப்போ கப்பல்ல போகலாமா?"

"கப்பல்ல போகலாம், சமையல் பண்ணட்டும். தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது. இன்னொரு தடவை வந்தா காலோட நிக்காதும்மா. ஆளே போயிடுவாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்த்தாள். திறன் குறைவு. எவ்வளவு நல்ல வார்த்தை. குழம்பில் உப்புக் குறைவு என்கிற மாதிரி. குறைவு என்றால் மிச்சம் இருக்கிறது என்றுதானே அர்த்தம். எத்தனை இருக்கிறது, எத்தனை போயிற்று என்று கேட்க இடம் இருக்கிறது. இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எழுந்து காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். எங்கள் வார்த்தையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காரத்தான் முடியும்.

அந்தத் தைரியத்திலேயே நேரே கேப்டன் சகெல்லாரிஸ் வீட்டுக்குப் போனாள். தெமேலிஸ் பதினோரு வருஷமாக அவர் கப்பலில்தான் போகிறான். கேப்டன் முற்றத்தில் உட்கார்ந்து ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தக்காளியோடு பிசைந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை கழுவினார்.

"வா செவஸ்தி. உக்காரு. நானே ஆளனுப்பலாம்னு இருந்தேன்."

"எதுக்கு கேப்டன்?"

"காப்பிக்கடைல ஏதோ முணுமுணுக்கிறானுங்க. நான் அவனைக் கேக்கல. மெஷின்காரனை அப்படிக் கேட்டா அப்புறம் மூஞ்சில முழிக்க முடியாது. நீ அவன் பொண்டாட்டி. ஒரே ஒரு தடவை கேக்குறேன், ஆமான்னு சொன்னா பேரை எடுத்துடுறேன். பிடிச்சிருக்கா?"

டாக்டர் கொடுத்த வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. கொஞ்சம் குறைவு கேப்டன், சமையல் வேலை ஏதாவது பார்த்துக் கொடுங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் அவர் கேட்டது குறைந்திருக்கிறதா என்று இல்லை. பிடிச்சிருக்கா என்று. அதற்கு ஆமாம் அல்லது இல்லைதான் பதில். முற்றத்துச் சுவருக்கு அப்பால் துறையில் கப்பல் நின்றிருந்தது. ஆமாம் என்றால் கப்பலுக்கு எதிரே அந்த வார்த்தையை அவள் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகும்.

"இல்ல கேப்டன்" என்றாள்.

"நல்லது" என்றார் அவர். அவர் முகத்தில் நிம்மதியும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. "நாளைக்குத் துறையில மெஷின்காரன் ஆட்டத்தை அவனையே ஆடச் சொல்லியிருக்கேன். எல்லார் வாயும் மூடிடும்."

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கையில் கொண்டுவந்து வைத்த உயிரைத் தானே தட்டிவிட்டது மாதிரி இருந்தது.

வீட்டில் தெமேலிஸ் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். கம்பளிச் சட்டை, கம்பளிக் குல்லாய், இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை. கதவைச் சாத்திவிட்டு அவன் எதிரே உட்கார்ந்து, முள்ளிலிருந்து டாக்டர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். கேப்டனிடம் போனதை மட்டும் சொல்லவில்லை.

"திறன் குறைவா?" அவன் சிரித்தான். "அது ஏதென்ஸ்காரன் வார்த்தைடி. அங்க செல்லும். நம்ம ஊர்ல எந்தக் கடையில அதை வாங்குவான்?"

"வார்த்தையை விடு. கால்ல உணர்ச்சி இல்ல, நீ எப்படி இறங்குவே?"

அவன் காலுறையைச் சுருட்டுவதை நிறுத்தினான். "இறங்கினா உணர்ச்சி வந்துடும்" என்றான்.

"என்னய்யா உளர்றே?"

"உளறல. போன செப்டம்பர்ல, ஆப்பிரிக்கக் கரையில, பெங்காசிப் பக்கம், மேல வந்ததும் கால் செத்துப்போச்சு. கேப்டனுக்குத் தெரியாம பாயில படுத்துக் கிடந்தேன். மறுநாள் காலைல எப்படியோ உடுப்பை மாட்டிக்கிட்டு இறங்கிட்டேன். இருபது பாகம் போனேன். திடீர்னு கால் வந்துடுச்சு செவஸ்தி. விரல் ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது. மணல் தெரியுது. கல்லு தெரியுது. அதுக்கப்புறம் எட்டு நாள் கீழ ராஜா மாதிரி நடந்தேன். மேல வந்தாதான் போயிடுது."

"மேல வராம இருக்க முடியுமா?"

அவன் காலுறையைப் பைக்குள் திணித்தான்.

"உன்னத்தான் கேக்குறேன். வராம இருந்துடுவியா?"

"நீ காப்பிக்கடை நாற்காலியைப் பார்த்திருக்கியா?" என்றான் அவன். "நிழல்ல போட்டு வச்சிருக்கானுங்களே, அதை. அதுல உக்காந்து நாப்பது வருஷம் கப்பல் வர்றதையும் போறதையும் பார்க்கணும். அதுக்குக் கீழயே இருந்தா என்ன?"

 செவஸ்திக்குக் கோபம் வந்தது. பெண்டாட்டியும் பிள்ளையும் மேலேதானே இருக்கிறோம், அது உனக்குக் கணக்கில்லையா என்று கேட்க நினைத்து, கேட்காமல் எழுந்தாள். அவனுடைய பையை வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மெஷின்காரன் ஆட்டம் என்பது இதுதான். கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் துறையில் ஆண்கள் வரிசையாகக் கைகோத்து நிற்பார்கள். முன்னால் நிற்பவன் கையில் கைத்தடி. பிடில்காரன் மெதுவாக ஆரம்பிப்பான். முன்னால் நிற்பவன் பிடிபட்டவன் மாதிரி ஆட வேண்டும். கால் நடுங்கும், முட்டி மடியும், தடியில் சாய்ந்து எழுந்திருப்பான், மறுபடி சரிவான். பிறகு பிடில் வேகம் எடுக்கும். அப்போது தடியைத் தூக்கி எறிந்துவிட்டு நிமிர்ந்து துள்ளி ஆட வேண்டும். கடலுக்கு ஒரு பிடிபட்டவனைக் காட்டியாயிற்று, இந்த வருஷம் அதற்குப் போதும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்தத் தடி புதுசாக இருக்கக் கூடாது. நிஜமாகவே பிடிபட்ட ஒருவனுடைய தடியாக இருக்க வேண்டும். ஆடுகிறவனின் மனைவி காலையில் போய் அதை வாங்கிவருவாள். ஆட்டம் முடிந்ததும் எறிந்த தடியை அவளே எடுத்துக்கொண்டுபோய், உரியவன் கையில் கொடுத்து அவன் நெற்றியில் முத்தம் கொடுப்பாள். நிஜமாகப் பிடிபட்டவன் அந்த ஆட்டத்தை ஆடவே கூடாது. அது கடலை ஏமாற்றுகிற வேலை.

மறுநாள் காலை செவஸ்தி கலோத்தினா வீட்டுக்குப் போனாள். கலோத்தினா தெமேலிஸின் அக்கா. அவள் புருஷன் நிக்கித்தாஸ் ஆறு வருஷத்துக்கு முன்னால் பிடிபட்டவன். இரண்டு காலும் இழுக்கும். வாய் மட்டும் இழுக்காது.

"வந்துட்டியா தங்கச்சி? என் மூணாவது காலைக் கொண்டுபோக வந்தியா?" என்றான் நிக்கித்தாஸ். "பத்திரமா வச்சுக்கோ. இருக்கிற மூணுல வேலை செய்யுறது அது ஒண்ணுதான்."

அவள் தடியை வாங்கினாள். ஆலிவ் மரம், கைப்பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. வாங்கியும் போகாமல் நின்றாள்.

"அண்ணே, தண்ணிக்குள்ள இறங்கினா கால் சரியாயிடுமா?"

நிக்கித்தாஸ் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. அவளையே பார்த்தான்.

"ஆகும்" என்றான் கடைசியில். "அங்கதான் எமன் உக்காந்திருக்கான். முதல் வருஷம் நான் ஒரு காலை லேசா இழுத்துக்கிட்டுத்தான் வந்தேன். ஒருத்தருக்கும் தெரியாது. கீழ போனா சரியாயிடுதேன்னு மறு வருஷமும் போனேன். ரெண்டாவது தடவை பலகையில வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க."

"அண்ணிக்குத் தெரியுமா? முதல் வருஷமே?"

உள்ளேயிருந்து கலோத்தினா வந்தாள். கையில் மாவு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"தெரியும்" என்றாள். "வாயைத் திறக்கல. நல்ல பொண்டாட்டின்னு ஊரே சொல்லிச்சு. அந்த நல்ல பேரைத்தான் ஆறு வருஷமா காலைல கட்டில்ல இருந்து இறக்குறேன், ராத்திரி கட்டில்ல ஏத்துறேன்."

 கலோத்தினா மாவுக் கையோடு செவஸ்தியின் முகவாயைத் தொட்டாள். "என் தம்பி எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரன்னு எனக்குத் தெரியும். போ, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள்.

பாதிரியார் கப்பல்களுக்குத் தீர்த்தம் தெளித்து முடித்தபோது மாலை ஐந்து மணி. துறை முழுக்க ஜனம். சின்னப் பையன்கள் மலைமேலிருந்து வெடி போட்டார்கள், ஒவ்வொரு வெடிக்கும் ஆடுகள் சிதறி ஓடின. நிக்கித்தாஸை நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். கேப்டன் சகெல்லாரிஸ் கயிறு கட்டும் கல்தூணில் உட்கார்ந்திருந்தார். செவஸ்தி கலியோப்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றாள். அவள் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. முன்னால் போனாள், பின்னால் வந்தாள், பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

ஒன்பது பேர் கைகோத்தார்கள். முன்னால் தெமேலிஸ், வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் நிக்கித்தாஸின் தடி. தோல்பை ஊதுகுழல் முனக, பிடில் மெதுவாகத் தொடங்கியது.

அவன் ஒரு அடி வைத்தான். வலது கால் நடுங்கியது. தொடையிலிருந்து பாதம் வரை நடுங்கியது. கூட்டம் விசிலடித்தது. இரண்டாவது அடியில் முட்டி மடிந்து, தடியில் தொங்கி, நெற்றி நரம்பு புடைக்க எழுந்து நின்றான். "ஆகா, அப்படியே அசல்டா" என்று பின்னால் ஒருவன் கத்தினான். கிழவிகள் அழ ஆரம்பித்தார்கள். இவ்வளவு தத்ரூபமாக யாரும் ஆடியதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆறு மாதமாக வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த காலை இன்று அவன் ஊர் நடுவில் அவிழ்த்து விட்டுவிட்டான், ஊரும் கைதட்டுகிறது.  நிக்கித்தாஸ் மட்டும் கைதட்டவில்லை. அவன் ஆடுகிறவனின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிடில் வேகம் எடுத்தது. தெமேலிஸ் தடியைத் தலைக்குமேல் தூக்கி எறிந்தான். அது கற்களில் விழுந்து உருண்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் விழுந்துவிடட்டும், கடவுளே, விழுந்துவிடட்டும் என்று வேண்டினாள். புருஷன் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் எங்கள் ஊரில் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

அவன் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது நிமிர்ந்து ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவனின் கையை முறிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, இடது காலிலேயே துள்ளி, வலது காலை இடுப்பால் எறிந்து, பன்னிரண்டு அடி ஆடினான். முகமெல்லாம் வேர்வை. பன்னிரண்டாவது அடியில் பிடில் நின்றது, துறை அதிர்ந்தது. தொப்பிகள் பறந்தன. கேப்டன் கல்தூணிலிருந்து எழுந்து தலையசைத்தார். தெமேலிஸ் செவஸ்தியைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணத்தன்று சிரித்த அதே சிரிப்பு. அவன் ஜெயித்துவிட்டான், நாளைக் காலை கப்பல் ஏறிவிடுவான்.

"தடியை எடும்மா செவஸ்தி" என்று யாரோ சொன்னார்கள்.

பிள்ளையைக் கலோத்தினாவிடம் கொடுத்தாள். போய்க் குனிந்து தடியை எடுத்தாள். எல்லாரும் நிக்கித்தாஸ் பக்கம் வழிவிட்டார்கள். அவன் கையை நீட்டினான், நெற்றியையும் முன்னால் கொண்டுவந்தான்.

செவஸ்தி அவனைத் தாண்டிப் போனாள்.

முதலில் ஜனங்கள் அவள் தடுமாறிவிட்டாள் என்று நினைத்துச் சிரித்தார்கள். "அந்தப் பக்கம் இல்லம்மா, இங்க" என்றார்கள். அவள் திரும்பவில்லை. நேரே புருஷனிடம் போய், அவன் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையில் தடியை வைத்து அழுத்தினாள்.

துறையில் சத்தம் அடங்கியது. தெமேலிஸின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது, அதை எடுக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. விரல்களை இறுக்க மூடிக்கொண்டான். தடியை வாங்கவில்லை.

"எடுத்துட்டுப் போடி" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "மச்சானுக்குக் கொண்டுபோய்க் கொடு."

"மாட்டேன்."

"ஊரே பார்க்குது."

"பார்க்கட்டும்."

"என்னைக் கொன்னுட்டேடி."

"இல்லய்யா" என்றாள் அவள்.   அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தடியின் தேய்ந்த கைப்பிடியை உள்ளே வைத்தாள்.

அப்போதுதான் மற்றவர்களும் அவன் காலைப் பார்த்தார்கள். பிடில் நின்று வெகு நேரமாகியும் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. கால்சட்டைத் துணி படபடத்தது. பெண்கள் பக்கம் யாரோ ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் அந்த வார்த்தையைச் சொன்னாள். இன்னொருத்தி சொன்னாள். செவஸ்தி சொல்லவில்லை. கடைசி வரை அவள் சொல்லவில்லை.

கேப்டன் சகெல்லாரிஸ் வந்து நின்றார். செவஸ்தியைத்தான் பார்த்தார், அவனை இல்லை. "நேத்தே சொல்லியிருக்கலாம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு திரும்பி, வேறொரு மெஷின்காரனின் பேரைக் கூப்பிட்டார்.

தெமேலிஸ் தடியைப் பிடித்துக்கொண்டான். பிடிக்காவிட்டால் விழுந்திருப்பான்.

"நீயே வச்சுக்கோ மச்சான்" என்று நாற்காலியிலிருந்து நிக்கித்தாஸ் சொன்னான். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான். "எனக்கு வீட்டுல இன்னொண்ணு கிடக்கு. அது கொஞ்சம் கோணல், என்னை மாதிரியே."

யாரும் சிரிக்கவில்லை. கலோத்தினா மட்டும் தம்பி மகளின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போக நூற்றுப் பத்துப் படி ஏற வேண்டும். தெமேலிஸ் முன்னால் ஏறினான், தடி கல்லில் தட்டித் தட்டிப் போயிற்று. செவஸ்தி நாலு படி பின்னால், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இனிமேல் இவன் தன்னோடு பேச மாட்டான், நாளைக் காலை கப்பல் போகும்போது தன்னைச் சபிப்பான், எத்தனை வருஷம் சபித்தாலும் சரி என்று அவள் நினைத்துக்கொண்டு ஏறினாள். வழியில் வீட்டு வாசல்களில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏதோ வேலை வந்த மாதிரி உள்ளே போனார்கள்.

பாதிப் படியில் அவன் நின்றான். மூச்சு வாங்கியது. துறையில் மறுபடி பிடில் தொடங்கியிருந்தது, வேறு எவனோ ஆடினான். தெமேலிஸ் படியில் உட்கார்ந்தான். வலது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். இந்தத் தடவை சொறிவதுபோல நடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் திருப்பிப் பார்த்தான். சின்னச் சின்னப் புள்ளியாக ரத்தம் காய்ந்திருந்தது.

அவள் இரண்டு படி கீழே நின்றாள்.

"எத்தனை முள்ளு சொன்னே?" என்று கேட்டான், அவளைப் பார்க்காமல்.

"ஏழு."

அவன் விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணினான்.

"ஒண்ணுகூடத் தெரியலடி" என்றான்.